அரை டிக்கட்டுக்கு அத்தாட்சி

கல்முனை மைதான வாசலில் உதைபந்தாட்டக் கழகக் காரியதரிசி ஆதம்லெவ்வை கழுத்துப்பட்டியோடு நின்றார்.

"இவனுக்கு அரை டிக்கட்டா, கலந்தர் காக்கா? என்ன விட ஒரு முழம் உசரம். மீசையும் அரும்புது."

"மகனுக்குப் பதினொரு வயசுதான் தம்பி," என்றார் கலந்தர். "முழு டிக்கட்டுக்குக் காசில்ல. மெச்சுப் பாக்காம ஊட்ட வரமாட்டன் எண்டு நிக்கான்."

"பன்னிரண்டுக்குக் கீழ எண்டா அத்தாட்சி வேணும். வானத்துல இருந்து மலக்கே எறங்கி வந்தாலும் சட்டம் சட்டந்தான்."

கலந்தர் பிறப்புப் பத்திரத்தை நீட்டினார். காரியதரிசி அதை இருமுறை படித்தார். பிறகு பையனை அண்ணாந்து பார்த்தார். அவனுடைய அகன்ற கைகளையும் பார்த்தார்.

"சுபுஹானல்லாஹ். பதினொண்டேதான்."

"அப்ப அரை டிக்கட் தருவீங்களா?"

"டிக்கட்டே வேணாம்." காரியதரிசி பத்திரத்தை மடித்துக் கலந்தரின் மடியில் செருகினார். "இத ஒருத்தருக்கும் காட்டிராதீங்க. ஆரும் கேட்டா பதினெட்டு எண்டு சொல்லுங்க. நம்மட கோல்கீப்பருக்குக் காய்ச்சல்."