கண்ணாடிக்குள் ராஜா

பையைக் கவிழ்த்ததும் டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாவற்றோடும் ஒரு தங்கக் காசு உருண்டு விழுந்தது.

"அதோ! நான் சொல்லல?" என்று துள்ளினார் நாணய நிபுணர்.

அந்த மியூசியத்தில் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைக்கும் அக்கா அதை நிதானமாக எடுத்தாள். தங்கத் தாளை உரித்து, உள்ளேயிருந்த சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணுக்கு வாங்கினது சார். போகட்டும், வேற வாங்கிக்கிறேன்."

காப்பாட்சியர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரிக்கிற நேரமா இது? எதிரே பூட்டிய கண்ணாடிப் பெட்டி. அதில் வெல்வெட்டில் காசின் அளவுக்கே வெட்டிய குழிக்குள், முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தார் ரோம ராஜா. இரண்டாயிரம் வருஷத்துத் தங்கம், நாளைக்கு வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியது. ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் எட்டிப் பார்த்த நிபுணர், வந்த வேகத்தில் அது போலி என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"போன மாசம் என் புத்தகத்துக்குப் படம் எடுத்தப்போ அசல்தான் மேடம் இருந்தது. அதுக்கப்புறம் பெட்டியைத் திறந்தது யாரு? உள்பக்கம் துடைக்கிற இந்த அம்மாதான்!"

"நான் எடுக்கல."

"எடுத்தவ எடுத்தேன்னா சொல்லுவா? பேசாம ஒத்துக்கோ. போலீஸ் இல்லாம முடிச்சுக்கலாம், வேலை மட்டும்தான் போகும்."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கூப்பிடுங்க போலீஸை! திருடின்னு பேர் வாங்கிட்டு எந்த மூஞ்சியோட என் பொண்ணு முன்னாடி போய் நிப்பேன்? அவங்க வராம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

"போலின்னு எப்படிச் சொல்றீங்க? எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்றாள் அக்கா.

பாடம் நடத்தச் சொன்னால் நிபுணருக்கு உச்சி குளிர்ந்துவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரோமாபுரிக் காசு சுத்தியால அடிச்சுச் செஞ்சது. இது உருக்கி ஊத்தினது. விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு ஓடுது பாருங்க. அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடம் அது. அந்த ஒண்ணே போதும்."

காப்பாட்சியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அக்கா தோளில் கிடந்த துணியை எடுத்து, அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கண்ணாடியை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"பெட்டியை இன்னும் திறக்கவே இல்ல. விளிம்பு குழிக்குள்ள இருக்கு. அதுல கோடு ஓடுதுன்னு, மாத்தி வெச்சவங்களுக்குத்தான் சார் தெரியும்!"