இரண்டு விரல் தள்ளி

ஆய்வுக்கூட மேசைமேல் காலை வெயில் விழுகிறது. கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்புத் திரவம் துடிக்க, நடுவே மிளகளவு ரத்தக்கட்டி வழியை அடைத்து நிற்கிறது. மருந்து பூசிய இரும்புத் துகள்களைக் காந்தத்தால் இழுத்து அதைக் கரைக்க வேண்டும். மார்ச்சில் இறந்துபோன என் மனைவி தொடங்கிய ஆய்வு இது. இன்றும் கரையாவிட்டால் மூடிவிடுவார்கள். அவள் தங்கை காந்தத்தைக் கட்டிக்கு இரண்டு விரல் முன்னால் வைக்கிறாள். "கட்டி மேலேயே வைம்மா" என்கிறார் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். "அங்க வச்சா துகளெல்லாம் குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கும்னு அக்கா எழுதி வச்சிருக்கா, சார்." "இதுக்காக உங்க அக்கா என்கிட்ட போடாத சண்டையா!" கடிகாரம் என் கையில் இருக்கிறது. குழாயின் மறுமுனையில் ஒரு சொட்டு விழுகிறது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கட்டியின் ஓரம் வெளுத்து, இழை இழையாகப் பிரிகிறது. திடீரென்று சொட்டுகள் ஒன்றுசேர்ந்து நூலாக ஓடுகின்றன. "மாமா, நேரம்!" "ஏழு நிமிஷம்." மருத்துவர் குனிந்து குழாயையே பார்க்கிறார். "பிடிவாதக்காரி, ஜெயிச்சுட்டா. இருந்திருந்தா ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பா." "ஒரு வாரமா? ஒரு வருஷம், சார்" என்கிறாள் தங்கை. மூவரும் சிரிக்கிறோம். அவர் ஆய்வறிக்கையை எடுத்து, ஆசிரியர் வரிசையில் முதலில் அச்சாகியிருந்த தன் பெயரை அடித்துவிட்டு அங்கே அவள் பெயரை எழுதுகிறார். பக்கத்தில், இறந்தவர்களுக்கு இடும் சிறு சிலுவைக்குறி. தாளை என்னிடம் நீட்டுகிறார். "இனிஷியல் சரிதானே, தம்பி?" "சரிதான்" என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வருகிறது.