சைக்கிளுக்குக் கொடுத்த குரல்

பிள்ளைகள் நெருங்கினாலே அந்தக் கார்பன் ஃபைபர் சைக்கிள் சத்தம் போடும். அப்போதுதான் பயப்படுவார்கள் என்று இளம்பரிதி தன் குரலையே பதிவுசெய்து அதன் அலாரத்துக்குக் கொடுத்திருந்தான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குள் நுழையும்போதே, கூடத்தில் பந்து உருண்டு சக்கரத்தில் முட்டியது. "ஏய், தொடாத! தள்ளிப் போ!" என்று சைக்கிள் கத்தியது.

"வாரத்துல ஒரு நாள் ஓட்டுறதுக்கு, நாள் பூரா உங்க கத்தலைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்றாள் மனைவி செவ்வந்தி.

"இந்த வீட்டுல ஒரு பொருளை உருப்படியா வச்சிருக்க முடியுதா? லேசா அடிபட்டாலே உள்ளுக்குள்ள விரிசல் விட்டுரும்!" என்று எரிந்து விழுந்தான்.

பிறகு மூன்று வயது மகளிடம் கைகளை நீட்டினான். "மகிழ், அப்பாகிட்ட வாடா."

குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் உன்னத் தொடலப்பா."