போட்டது யாரு?

“போட்டது யாருன்னு தெரியாம நான் மெட்ராசுக்குத் திரும்புறதா இல்ல” என்றார் சிட்டாள் ஆச்சி, வாசலிலேயே நின்றுகொண்டு.

ஞானபூரணி தையல் மிஷினை விட்டு எழுந்து, “உள்ள வந்து உக்காருங்க ஆச்சி” என்று வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

கண்டனூரில் ஆச்சியின் பெரிய வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் பின்பக்க மதிலை ஒட்டித்தான் ஞானபூரணியின் சமையல்கட்டு. குப்பை வண்டி வருவது காலை ஆறரைக்கு, ஞானபூரணி கண் விழிப்பது ஏழு மணிக்கு. அதனால் காய்கறித் தோல், அழுகின தக்காளி, பூசணிக் குடல் எல்லாம் தினமும் மதிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஆளில்லாத வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்க ஆள் வந்தாயிற்று, அதுவும் இந்த நேரம் பார்த்து. வீட்டின் முன்னறையை வாடகைக்கு விடப்போவதாக ஆச்சி போனில் சொல்லியிருந்தார். தையல் வகுப்பு நடத்த ஞானபூரணி கேட்டிருந்தாள். பன்னிரண்டு பெண்கள் சேரக் காத்திருந்தார்கள். டியூஷன் எடுக்க அடுத்த வீட்டு சகாயராணி டீச்சரும் கேட்டிருந்தார். யாருக்கு என்பதை இன்றைக்கு நேரில் வந்து சொல்வதாக ஆச்சியின் பேச்சு.

“எங்க பின்பக்கம் இத்தனையும் போட்டது நீதானா ஆத்தா?”

ஆச்சியின் விரலெல்லாம் ஈர மண். சேலை மடிப்பில் ஒரு மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடக்கூட ஞானபூரணிக்குக் கை வரவில்லை.

“நானா? நான் அங்குட்டு எட்டிக்கூடப் பாத்ததில்ல ஆச்சி.”

அதென்னவோ உண்மைதான். போடுவதோடு சரி, ஒரு நாளும் பார்த்தது கிடையாது.

“பயப்படாமச் சொல்லு. ஒரு நாள் ரெண்டு நாள் வேலையாத் தெரியல. ரொம்ப நாளாப் போட்டிருக்காக.”

“சத்தியமா நான் இல்ல ஆச்சி.”

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் பங்குச் சாமியார் விதைப்பதைப் பற்றியும் அறுப்பதைப் பற்றியும் அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டியவள் இவள்தான்.

“உன் சுவரை ஒட்டித்தானே எல்லாம் இருக்கு?” ஆச்சி விடுவதாக இல்லை.

மூன்றாவது முறையும் வெறுமனே மறுத்தால் எடுபடாது. கூடவே ஒரு பெயரும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் ஞானபூரணியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“சொல்லக் கூடாதுன்னு பாத்தேன் ஆச்சி. நம்ம சகாயராணி டீச்சர்தான். விடியக்காலையில நானே பாத்திருக்கேன். கூடை கூடையாப் போடுவாக. நீங்க வந்தா என்ன நினைப்பீகளோன்னு நான்தான் கிடந்து தவிச்சேன்.”

சொல்லி முடித்ததும் மனசு உறுத்தியது. அந்தப் பன்னிரண்டு பெண்களையும் ஒருமுறை நினைத்துக்கொண்டாள், உறுத்தல் அடங்கிவிட்டது.

“டீச்சரா? நான் நினைச்சே பாக்கல” என்று ஆச்சி மெல்லத் தலையை ஆட்டினார். ஞானபூரணியோ மனசுக்குள் அந்த முன்னறையில் ஜன்னலோரம் மூன்று மிஷின், சுவரோரம் இரண்டு என்று இடம் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

அப்போது ஆச்சியின் டிரைவர் மாயக்கண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றான். இரண்டு கக்கத்திலும் இரண்டு பூசணிக்காய், ஒவ்வொன்றும் குடம் அளவு. “இன்னும் எட்டு காய் கிடக்கு ஆச்சி. தக்காளி ரெண்டு கூடை தேறும்.”



“நாப்பது வருஷமாப் புல்லு பூண்டு முளைக்காத மண்ணு அது” என்றார் ஆச்சி, பூசணியைத் தடவிக்கொண்டே. “அதுல விதை போட்டு இம்புட்டு விளைய வச்சிருக்காக பாரு. அப்படிப்பட்ட கைராசிக்காரவுகதான் நம்ம வீட்டுல இருக்கணும்.”

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து டிரைவரிடம் நீட்டினார்.

“டீச்சர் வீட்டுல குடுத்துரு.”