சுண்ணக்கட்டிப் பூக்கள்

அந்த மாளிகையின் நடனக்கூடத் தரை முழுக்கச் சுண்ணக்கட்டியால் பூக்கள் வரைந்திருந்தார்கள். ஆடுகிறவர்களின் கால்பட்டு அவை புகைபோலக் கலைந்துகொண்டிருந்தன. லெட்டிஷாவின் நாற்காலியைச் சுற்றி மட்டும் அப்படியே இருந்தன. ராக்ஸ்டன் பிரபு ஆட அழைத்தபோது அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஒருவரை மறுத்த பெண் அன்றிரவு வேறு யாருடனும் ஆடக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் எதிர்பார்த்திருந்த கேப்டன் ஆஷ்பி அதன்பிறகுதான் வந்தான். விடிந்தால் அவனுக்குக் கப்பல்.

"பிரபுவோடு ஒரு ஆட்டம் ஆடித் தொலைத்திருந்தால் கால் தேய்ந்தா போயிருக்கும்?" என்றாள் அத்தை, விசிறிக்குப் பின்னாலிருந்து.

"கையுறைக்குள்ளும் அவர் கை ஈரமாகவே இருக்கும், அத்தை."

ஆஷ்பி எதிரே வந்து தலைதாழ்த்தினான்.

"நான் ஆடக் கூடாது," என்றாள் லெட்டிஷா.

"நடக்கலாம் அல்லவா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த வழக்கங்களிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "பழரச மேசை வரைக்கும்தான்," என்றாள் அத்தை.

அவன் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். இருவரும் பூக்களின் மேல் நடந்தார்கள். வயலின்கள் வேகமெடுத்தன. அவர்கள் வேகமெடுக்கவில்லை. பழரச மேசை அருகே வந்தது. பிறகு மெல்லப் பின்னால் போயிற்று.