முப்பது கிலோமீட்டருக்குள்

"வாண்டு பேசறேன். வயசு இருபத்தி நாலு. இப்ப இருக்கறது ஜன்னலோரத்துல, நாலு பேர் உக்கார்ற மேசை."

போனில் அவன் பேசப் பேச எழுத்தாகிப் போகும் செய்தியைப் பார்த்துவிட்டு, இதை அனுப்புவது நீதானா, வேறு எவனாவதா என்று அக்கா ஒருமுறை கேலி செய்தாள். அன்றிலிருந்து பெயர், வயது, இருக்கும் இடம் மூன்றையும் சொல்லித்தான் ஆரம்பிப்பான்.

குரலையே அனுப்பிவிடலாம். ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காது.

மற்ற மூன்று நாற்காலிகளும் காலி.

இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்த மேசை அது. அம்மா, அப்பா, அக்கா மூவரும் ஊரிலிருந்து வந்திறங்கும் அன்றைக்கே இங்கே கூட்டிவந்து, தன் கையால் விளைவித்ததைச் சாப்பிட வைக்க வேண்டும். மூன்று வருடமாக அதுதான் அவன் ஆசை. அவன் வேலை பார்க்கும் தோட்டத்திலிருந்துதான் இந்த உணவகத்துக்குக் காய்கறி வருகிறது. பின்வாசல் வரை எத்தனையோ தடவை கூடை சுமந்திருக்கிறான்; உள்ளே யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. முன்வாசல் வழியாக வருவது இன்றுதான்.

பரிமாறுபவர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். இந்த மேசைக்கு வரும் எதுவும் முப்பது கிலோமீட்டரைத் தாண்டி வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். உப்பு கூடவா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான்.

மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று அவர் கேட்டார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நாலு தட்டும் வைக்கச் சொன்னான்.

முதலில் பீட்ரூட் வந்தது. காலையில் அவனே பிடுங்கியது. நகக்கண்ணில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

பரிமாறுபவர் நகர்ந்ததும் போனை வாயருகே கொண்டுபோனான்.

"அம்மா, இவ்ளோ பெரிய தட்டுல இத்துனூண்டு. நீ பாத்தா பூனைக்கு வச்சதான்னு கேப்ப. ஆனா அப்படி ஒரு இனிப்பு. மெல்லவே வேணாம். அப்பா பல்லுக்கும் ஒத்துக்கும்."

அடுத்து பக்கத்து ஏரி மீன். அதற்கடுத்து காளான். அக்காவுக்குக் காளான் ஆகாது. அவள் தட்டிலிருந்ததை அவனே எடுத்துத் தின்றான். அவள் இருந்திருந்தால், தனக்கு வேண்டாததற்காகவும் சண்டை போட்டிருப்பாள்.

ஒவ்வொரு தட்டுக்கும் போனில் சொன்னான். எது சூடு, எது மொறுமொறுப்பு, எதை அம்மா இன்னொரு தடவை கேட்டிருப்பாள், எந்தத் தட்டை அப்பா திருப்பிப் பார்த்து, எங்கே செய்தது என்று தேடியிருப்பார்.

தனியாக வந்து, நாலு தட்டு கேட்டு, வாய்க்கு வாய் எதையோ முணுமுணுத்துப் பதிந்துகொள்கிற ஆள்.

பத்திரிகையில் உணவகங்களுக்கு மதிப்பெண் போடுகிறவன் என்று அங்கே வேலை செய்பவர்கள் முடிவு கட்டிவிட்டது அவனுக்குத் தெரியாது. தட்டில் அளவு கூடிக்கொண்டே வந்தது. தண்ணீர்க் குவளை காலியாக விடவில்லை. கடைசியில் தலைமைச் சமையல்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

குறை ஏதாவது உண்டா என்று பணிவாக விசாரித்தார். அவன் தலையாட்டி மறுத்தான்.

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். உங்கள் ஆட்கள் ரொம்பத் தொலைவிலிருந்து வருகிறார்களா என்றார்.

"இல்ல, பக்கத்துலதான். இருபத்தெட்டு கிலோமீட்டர்."

அப்படியானால் அவர்களும் எங்கள் எல்லைக்குள்தான் என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் விமான நிலையம்.

மதியமே வந்திறங்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் கவுன்ட்டரைத்தான் தாண்டவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு மணி நேரம் நின்றவனிடம், சீருடை போட்ட ஒரு பெண் வந்து விவரம் சொன்னாள். மூவரையும் ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாது. காலை விமானத்தில் திருப்பி அனுப்பும்போதுதான் அவர்களுடைய போன்களைக் கொடுப்பார்கள்.

இந்த நாட்டில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். யாருமே இல்லை என்றிருக்கிறாள் அம்மா.

விசாவுக்காக மகன் எழுதிக் கொடுத்த அழைப்புக் கடிதம் அக்காவின் பைக்குள்ளேயே இருந்தது. அதிகாரிகள் பையைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது.

என்னைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்று போன வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி அனுப்பியவன் அவன்தான். கடிதம் எழுதிய பிறகு அவனுடைய வேலை அனுமதி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து தெருவில் சீருடையைக் கண்டாலே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவான்.

ஜன்னலுக்கு வெளியே, அந்த நாட்டுக் கோடையின் நீண்ட மாலையில், வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

பரிமாறுபவர் நாலு தட்டில் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

"கடைசியா ஆப்பிள். சுட்டது. தோல் சுருங்கியிருக்கு, உள்ள வெண்ணெய் மாதிரி. அம்மா, நீ தப்பா எதுவும் சொல்லல. நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொன்ன."

ஆப்பிளில் ஒரு கரண்டி எடுத்துத் தின்றான். போன் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"யார் கைக்கு மொதல்ல போன் வருதோ, அப்பாவுக்குக் கண்ணாடிய மாட்டிவிட்டு இதக் காட்டுங்க. பீட்ரூட்லேருந்து ஆரம்பிங்க. அவசரப்படுத்தாதீங்க, மெதுவா சாப்பிடட்டும்."