பதினாலாம் நம்பர் மனை

"மனை வாங்குற மூஞ்சியா வெச்சுக்கோக்கா. உன்னப் பாத்தா ஊரு சுத்த வந்த மாதிரி கீது" என்று கிசுகிசுத்தாள் சைமா.

"வாங்குற மூஞ்சி எப்படிடி இருக்கும்?" என்றாள் பத்மா.

"கொஞ்சம் கோவமா இருக்கும். எல்லாத்துலயும் குறை சொல்லும்."

பத்மா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

மனை விற்பவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேன் இயங்கும் விதம் எளிமையானது. காலையில் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள். ஏசி உண்டு, தண்ணீர் பாட்டில் உண்டு. மனையைக் காட்டிவிட்டு மதியம் பிரியாணி போடுவார்கள். விண்ணப்பத்தை நீட்டி முன்பணம் கேட்பது அதற்குப் பிறகுதான். பசியோடு இருப்பவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு மறுக்கக் கூச்சமாக இருக்கும். மறுத்தாலும் பாதகமில்லை, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நம்பித்தான் தோழிகள் இருவரும் கிளம்பியிருந்தார்கள். நூலக வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுத்த ஒரு நாவலை ஆளுக்கு மூன்று முறை படித்திருந்தார்கள். கதை முழுக்க இந்தப் பக்கத்திலேயே நடக்கிறது. பாரிவாக்கத்து டீக்கடை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, அதையும் தாண்டி வெட்டவெளியில் ஒற்றைப் பூவரசு. கதாநாயகி ஹேமாவதி ஐந்து வருடம் காத்திருந்த மரம் அது. அங்கே பஸ் போகாது. மனை வேன் போகும்.

"இன்னா ஆனாலும் கையெழுத்து மட்டும் போட்டுறாதக்கா. உனக்கு இளகின மனசு" என்றாள் சைமா. "அவசரத்துக்கு எங்கிட்டயும் கேக்காத. என் கைல கீறது ஓவர்லாக் மெஷினுக்குச் சேத்த காசு." பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவள் அவள்.

பாரிவாக்கம் வந்ததும் சைமா குரல் கொடுத்தாள். "வண்டிய நிறுத்துங்க. இங்க டிராஃபிக் எப்படின்னு பாக்கணும்."

வேனில் இருந்த விற்பனையாளன் சந்தோஷ் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டான். இருவரும் டிராஃபிக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹேமாவதி குடையைத் தொலைத்த டீக்கடையைத் தேடினார்கள். அதே நீல பெஞ்சு. பத்மா அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

ஏரிக்கரையில் பத்மாவின் முறை. "தண்ணி வசதி பாக்கணும் தம்பி."

"சிட்டிக்கே குடிக்கத் தண்ணி போற ஏரி மேடம்."

"அது சரி. ஷட்டர் திறந்தா சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்?"

ஏரி நிரம்பினால் ஷட்டரை மேலே தூக்குவார்கள். தண்ணீர் அதன் மேலாக வழியாது; அடியில் கிடைக்கும் இடைவெளியில், மொத்த ஏரியின் பாரமும் பின்னாலிருந்து தள்ள, பீறிட்டு வரும். அதனால்தான் அத்தனை இரைச்சல். அந்த இரைச்சலில்தான் ஹேமாவதி கூப்பிட்டது அவள் காதலனுக்குக் கேட்காமல் போனது.

சந்தோஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மனை பாக்கத்தானே வந்தீங்க?"

பத்மாவுக்கு வியர்த்தது. இங்கேயே இறக்கிவிட்டால் பூவரசைப் பார்க்க முடியாது.

"பின்ன, உங்க பிரியாணிக்கா வந்தோம்?" என்று முறைத்தாள் சைமா. வேன் கிளம்பியது.

பூவரசு இருந்தது. நாவலில் வந்தபடியே தெற்கே சாய்ந்து, மஞ்சள் பூக்களோடு. இருவரும் அதன் நிழலில் நின்றார்கள். சைமா மரப்பட்டையைத் தடவிப் பார்த்தாள். பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வேனின் முன் சீட்டில் வந்த வீராசாமி என்ற தொப்பிக்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "இது எத்தனாம் நம்பர்?"

"பதினாலு சார்" என்றான் சந்தோஷ்.

"எனக்கு எழுதிக்கோ. மரத்த எடுத்துட்டு அங்கயே போர் போட்டுக்கறேன்."

"தாராளமா சார். சாப்ட்டதும் ஃபாரம் போட்டுடலாம்."

சைமாவுக்குப் பிரியாணி இறங்கவில்லை.

"நெஜமாவே வெட்டிடுவாராக்கா?"

"அவர் மனை, அவர் மரம். உனக்கு இன்னாடி? துன்னு."

"ஹேமாவதி மரம்க்கா."

"கதைடி அது."

"மரம் கதை இல்லியே."

வீராசாமி ஏப்பம் விட்டபடி பேனாவின் மூடியைக் கழற்றினார். சைமா எழுந்தாள். பத்மா அவள் முந்தானையைப் பிடிப்பதற்குள், வீராசாமியின் முன்னால் இருந்த விண்ணப்பத்தை இழுத்து, அவர் கையிலிருந்த பேனாவையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"பதினாலு எனக்கு. நீங்க வேற எங்கனா போர் போட்டுக்கங்க."

வீராசாமி கையில் மிஞ்சிய பேனா மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஓவர்லாக் மெஷின்?" என்றாள் பத்மா மெல்ல.

"துணி ஓரத்தக் கையால தெச்சுக்கறேன்."

நாலு மணிக்குப் பூந்தமல்லியில் எல்லோரும் இறங்கினார்கள், வீராசாமியைத் தவிர. தோழிகள் சாலையைக் கடக்கும்வரை கையசைத்துக்கொண்டிருந்த சந்தோஷ், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"பருத்திப்பட்டுலதானே தம்பி அடுத்த லேஅவுட்டு?" என்றார் வீராசாமி, தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "நல்ல மரமா ஒண்ணு பாத்துச் சொல்லு. அடுத்த நாவல்ல கதாநாயகிய அது கீழ காக்க வெச்சு எழுதிடறேன்."